இடது நீலம், வலது சாம்பல்

ஆபிசர்ஸ் லைன் கடையில் ஏசி ஓடியது,
உள்ளே போனதற்கு அது பாதிக் காரணம்.
மீதி, என் பழைய ஜோடியின் குதிகால்.
எழுநூறு கிலோமீட்டரில் அப்பளமாகியிருந்தது.

தப்ரேஸ் என்கிற பையன் இரண்டு பெட்டி திறந்தான்.
நீலம், எட்டாயிரத்து நானூறு.
சாம்பல், போன வருஷ மாடல், ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
"ரெண்டும் மெத்துனுதான் இருக்கும்க்கா.
மெத்துலயே ரெண்டு தினுசு கீது."

நான் மின்மீட்டர் கணக்கெடுப்பவள்.
சத்துவாச்சாரியில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கதவு,
பாதி வீட்டில் நாய்,
பாதி வீட்டில் மாடிப்படிக்கு அடியில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் மீட்டர்.
சாயந்திரம்வரை நடப்பது சம்பளத்துக்கு.
விடிவதற்கு முன் ஓடுவது எதற்கென்று
யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.
யாரும் கேட்காமல் அது மறந்துபோயிற்று.

நீலத்தில் ஏறி நின்றேன்.
மெத்தைமேல் நின்று ஃபேன் துடைக்கிற மாதிரி,
சுகமும், கொஞ்சம் விழுந்துவிடுவேனோ என்பதும்.
சாம்பல் அப்படியில்லை.
அமுங்கியதை அப்போதே திருப்பிக் கொடுத்தது,
சில்லறை பாக்கி வைக்காத கண்டக்டர்போல.

கோட்டை அகழியோரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் லோகேஸ்வரன் சார்
வங்கியில் கடன் பிரிவு, மூன்று மாரத்தான்.
"நுரையைப் பாருங்க, எடையைப் பாருங்க,
குதிகாலுக்கும் விரலுக்கும் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம், அதைப் பாருங்க."
இரவு டூட்டி முடித்து வந்து ஓடும் பெனின்னா
"எனக்கு மெத்துனு இருந்தா போதும்ப்பா,
பன்னெண்டு மணி நேரம் மொசைக் தரை" என்றாள்.
இரண்டு பேரும் சரி.
இரண்டு பேருக்கும் என் முழங்கால் இல்லை.

என் முழங்கால் ஸ்லாப் கணக்கு.
ஐந்நூறு யூனிட்வரை ஒரு விலை,
ஐந்நூற்றொன்றில் வீட்டுக்காரர் என்னை முறைப்பார்,
நான்தான் கரண்டைக் குடித்த மாதிரி.
அதேபோல ஐந்து கிலோமீட்டர்வரை முழங்கால் பேசாது.
ஆறாவதில் கட்டணம் வேறு.

"தம்பி, இடதுல நீலம், வலதுல சாம்பல்.
வெளியே ஒரு ஓட்டம் போய்ட்டு வர்றேன்."
அவன் முதலாளியைப் பார்த்தான்.
முதலாளி என் பழைய செருப்பைப் பார்த்தார்.
"அத இங்கயே வுட்டுட்டு போங்கம்மா."

நாலு மணி வெயில். தார் இளகி மினுங்கியது.
சுடிதாரில், ஒரு கால் நீலம் ஒரு கால் சாம்பல்,
மெடிக்கல் ஷாப்வரை ஓடினேன்,
தர்பூசணி வண்டியைச் சுற்றித் திரும்பினேன்.
ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர்
"இன்னாம்மா, ஜோடி மாத்திப் போட்டுக்கினு ஓடுறே?"
என்றார், கேலியில்லை, நிஜக் கவலை.

திரும்பும்போது இடது கால் பேசிக்கொண்டே வந்தது.
நல்ல பேச்சுதான். எவ்வளவு மெத்து, எவ்வளவு மெத்து.
கடைப் படியேறும்போதுதான் கவனித்தேன்,
வலது காலை எங்கோ மறந்துவிட்டிருந்தேன்.

ஒழுங்காக ஓடும் மீட்டர் சத்தம் போடாது.
சிவப்புப் புள்ளி மினுக்கும். அவ்வளவுதான்.

சாம்பல் வாங்கினேன்.
ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் என்பதும்
இந்த முடிவில் உண்டு, மறைக்கவில்லை.
பில் போடும்போது தப்ரேஸ் நீலத்தைப் பெட்டிக்குள் வைத்து
தாளை மடித்து மூடினான்,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.
அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பாலாற்றுப் பாலம்.
காட்பாடிப் பக்கமிருந்து காய்கறி லாரிகள்,
கீழே மணலும் முள்ளும், ஒரு கோடு தண்ணீர்.
திரும்பி வரும்போது க்ரீன் சர்க்கிளில் ஆறு கிலோமீட்டர்.
முழங்கால் பேசவில்லை.
ஏழிலும் பேசவில்லை.

வீட்டுத் தெருமுனையில் மட்டும்
இடது கால் நீலத்தை விசாரித்தது.
ரீடிங் குறித்துக்கொண்டேன்.
பில் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும்.